ஒரு சின்ன கங்காரு இனத்தைக் காப்பாற்ற ஆஸ்திரேலியாவில் 20 லட்சம் பூனைகளைக் கொல்லத் திட்டமிட்டார்களாமே, இது எந்த ஊர் நியாயம்?

கேள்வியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். கீழே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்கள் விடவில்லை. “இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், மனிதன் ஏன் தலையிட வேண்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு அத்தனை பேர் ஆதரவு வேறு.

நீங்கள் பூனை வளர்ப்பவராகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தச் செய்தி இவ்வளவு உறுத்தியிருக்காது. என் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன. ஆகவே பூனை விரோதி என்ற பட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம். நான் விஞ்ஞானியும் அல்லன். குயின்ஸ்லாந்தின் நடுப்பகுதியில் எமரால்ட் என்ற ஊரில் மருந்தாளுநராக இருந்தபோது, வார இறுதிகளில் வாலபி என்ற சின்ன கங்காரு பற்றிய ஆய்வுக்குத் தன்னார்வலனாகக் கூண்டு பார்க்கப் போனவன். அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

முதலில் அந்த எண். 2015இல் ஆஸ்திரேலிய அரசு, 2020க்குள் 20 லட்சம் காட்டுப்பூனைகளை ஒழிப்பது இலக்கு என்று அறிவித்தது. பிரெஞ்சு நடிகை பிரிஷித் பார்தோ கூடக் கண்டித்துக் கடிதம் எழுதினார். இங்கே காட்டுப்பூனை என்பது மனிதர் கையால் ஒரு வாய் சோறு தின்றிராத, தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே பெருகிய வீட்டுப்பூனை. அந்த இலக்கு ஒரே ஒரு கங்காரு இனத்துக்காக வைத்ததும் அல்ல. பல டஜன் சிறு பாலூட்டிகள், பறவைகள், பல்லிகள் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. எனக்குத் தெரிந்தது அவற்றில் ஒன்றுதான்: கடிவாள நகவால் வாலபி. அதை வைத்தே சொல்கிறேன்.

பெண்ணுக்கு நான்கைந்து கிலோ எடை, நன்கு வளர்ந்த ஆணுக்கு ஏழெட்டு கிலோ. பிடரியிலிருந்து தோளைச் சுற்றி இறங்கும் வெள்ளைக் கோடு, வால் நுனியில் சிறு நகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குயின்ஸ்லாந்திலிருந்து தெற்கே மர்ரே ஆற்றுப் பக்கம் வரை சாதாரணமாகக் கண்ணில் பட்ட பிராணி. தோலுக்காகச் சுட்டார்கள், மேய்ச்சல் நிலத்தில் தொல்லை என்றும் சுட்டார்கள். 1937க்குப் பிறகு ஒன்றும் தென்படவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள். 1973இல், வேலி போடும் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரு பெண்கள் பத்திரிகையில் அழிந்த விலங்குகள் பற்றிய கட்டுரையைப் பார்த்துவிட்டு, இதை நான் டிங்கோ ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறேனே என்றார். (டிங்கோ என்பது ஆஸ்திரேலியக் காட்டுநாய்; அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது, நம்புங்கள்.) போய்ப் பார்த்தால் உண்மை. பின்னர் அரசு அந்த நிலங்களை வாங்கி, ஏறக்குறைய 11,000 ஹெக்டேரை டாண்டன் தேசியப் பூங்கா ஆக்கியது. சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை, ஆய்வுக்கு மட்டும்தான்.

இப்போது அந்த “இயற்கை” வாதத்துக்கு வருகிறேன். இந்த வாலபி வாழ்ந்தது பிரிகலோ என்ற வேல இனக் காட்டில். 1960களில் அரசுத் திட்டத்தின் கீழ், இரண்டு பெரிய டிராக்டர்களுக்கு நடுவே கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்து, அந்தக் காட்டை வேரோடு சாய்த்துப் புல்வெளி ஆக்கினார்கள். அந்த நிலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பஃபெல் புல்லை விதைத்தார்கள். அது மிச்சக் காட்டுக்குள்ளும் நுழைந்து, தீயையும் கூடவே கூட்டி வருகிறது. பூனையோ 1788இல் ஆங்கிலேயர் குடியேற வந்த கப்பல்களில் வந்து இறங்கியது. இதில் எதை இயற்கை என்கிறீர்கள்? கெடுத்தபோதெல்லாம் தலையிட்டுவிட்டு, சரிசெய்யும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். கூண்டுகளில் குதிரைமசாலை வைத்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும். மாட்டிய வாலபியைத் துணிப்பைக்குள் விட்டு, தொங்கு தராசில் எடை எடுப்போம். பையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பெண்ணாக இருந்தால் வயிற்றுப்பையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே குட்டி இருந்தால் பை வாயை மென்மையான ஒட்டுப்பட்டையால் மூடிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். மிரண்ட தாய் குட்டியை உதறிவிட்டு ஓடக்கூடும். பட்டை கொஞ்ச நேரத்தில் தானே கழன்றுவிடும்.

ஒரு பெண் வாலபியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பையில் குட்டி இல்லை, ஆனால் ஒரு காம்பு நீண்டு, பால் கட்டியிருந்தது. “குட்டி வெளியே எங்கோ படுத்திருக்கிறது” என்றார் ஆய்வு மாணவி. அடுத்த முறை அதே வாலபி மாட்டியபோது காம்பு சுருங்கியிருந்தது. பால் மறக்கும் வயது அந்தக் குட்டிக்கு இன்னும் வரவில்லை. மாணவி ஒன்றும் சொல்லவில்லை, ஏட்டில் ஒரு குறி மட்டும் போட்டார். அந்தப் பக்கத்தில் அதே குறி ஏற்கெனவே நிறைய இருந்தது.

ஏன் இப்படி? இந்த இனத்தின் தாய், பையை விட்டு வெளியேறிய குட்டியைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிவதில்லை. புல்லும் புதருமாக அடர்ந்த இடத்தில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்க மட்டும் வரும். 1990களில் டாண்டனில் ஆய்வு செய்த டயானா ஃபிஷர் இந்தப் பழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கழுகுக்கு எதிராக இது நல்ல தந்திரம். மோப்பத்தோடும் பொறுமையோடும் புதர் புதராகத் தேடும் பூனையிடம் செல்லாது. ஆண்டுக்கு மூன்று குட்டி வரை ஈனக்கூடிய இனம் பெருகாமல் நிற்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. பெரியவை பெரும்பாலும் தப்பிவிடும், சின்னவை வளர்வதே இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இடம், எமரால்டுக்குத் தெற்கே உள்ள அவோசெட் புகலிடம். நானும் கூண்டு பார்க்கப் போனது அங்கேதான். 2015இல் அங்கே மிஞ்சியிருந்தவை 16. பத்து ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தைப் பூனை புகாதபடி வேலியிட்டு, 3 கிலோவுக்குக் குறைந்த குட்டிகளை மட்டும் அதற்குள் விட்டார்கள். எடை தாண்டியதும் வெளியே. அந்த அளவு பெரிதான வாலபியோடு பெரும்பாலான பூனைகள் மோதுவதில்லை. என் வீட்டில் அதற்குப் பால்வாடி என்றுதான் பெயர். மூன்றாண்டுகளில் 56 குட்டிகள் அப்படி வளர்ந்தன, 89 சதவீதம் பிழைத்தன. 2018இல் மொத்த எண்ணிக்கை 47. அந்த முடிவு 2021இல் ஆய்விதழில் வெளியானது. பூனையைக் கொல்லாமல் வழியே இல்லையா என்று கேட்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் இதோடு எல்லாம் முடிந்தது என்று சொன்னால் பொய். பால்வாடிக்கு வெளியே பூனையைச் சுடவும் செய்கிறார்கள், கூண்டு வைத்தும் பிடிக்கிறார்கள். டாண்டனிலும் அப்படித்தான். விஷ இரை வைத்தால் பூனை அவ்வளவு எளிதில் தொடாது. உயிருள்ள இரையைத் துரத்திப் பழகியது. சுட்ட பூனை ஒன்றை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், நல்ல சாம்பல் வரி. சாப்பாடு இறங்கவில்லை. “அப்புறம் ஏன் போனாய்” என்று கேட்பவர்களிடம் சொல்ல, மேலே எழுதியதைத் தவிர என்னிடம் வேறில்லை.

       

நேரடிப் பதில் வேண்டுமென்றால்: ஆம், நியாயம் என்றே நினைக்கிறேன், மகிழ்ச்சியாக அல்ல. உங்கள் வீட்டுப்பூனையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வந்து பூனை வளர்ப்பதாக இருந்தால் அதை வெளியே விடாதீர்கள். என்னுடையவை இரண்டும் வலை அடித்த பின்தாழ்வாரத்தைத் தாண்டுவதில்லை, கொழுத்துக் கிடக்கின்றன.

டிங்கோ நாய்களைப் பெருக விட்டால் பூனை தானாக அடங்கிவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சில நிலப்பரப்புகளில் அப்படி நடக்கலாம் என்று வாதிடும் விஞ்ஞானிகள் உண்டு, அது இன்னும் தீராத விவாதம். ஆனால் டிங்கோ 3 கிலோவோடு நிற்காது, முழு வளர்ச்சி அடைந்த வாலபியையும் தின்னும். பதினாறே மிச்சமிருந்த இடத்தில் அதைச் சோதித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை.