குயின் மேரி 2 கப்பலில் இரவு உணவுக்கு என்ன உடுத்துவது?

கேள்வி: சௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க் வரை, குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவுப் பயணத்துக்கு எங்கள் இருவருக்கும் மகன் டிக்கெட் எடுத்திருக்கிறான். இரண்டு இரவுகள் 'காலா ஈவ்னிங்' உண்டு, டக்ஸீடோ வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். போன வருடம் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய்வந்த மைத்துனர், அதெல்லாம் வீண் செலவு, பேன்ட் சட்டை போதும் என்கிறார். எனக்கு வயது 64. கோட் சூட் போட்டுப் பழக்கமில்லை. பட்டு வேட்டியோடு போனால் உள்ளே விடுவார்களா? மனைவிக்குப் புடவை சரிதானா? எத்தனை செட் எடுக்க வேண்டும்?
— கோவை வாசகர்

பதில்: உங்கள் மைத்துனர் சொன்னது அவர் போன கப்பலுக்குச் சரி. உங்கள் கப்பலுக்கு அது பொருந்தாது. உடை விதி கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நார்வீஜியன் நிறுவனத்தில் கட்டாய ஃபார்மல் இரவு, அதாவது எல்லோரும் விருந்து உடையில்தான் வர வேண்டும் என்ற இரவு, கிடையவே கிடையாது. செலிப்ரிட்டி நிறுவனம் 2015-இல் 'ஃபார்மல்' என்ற பெயரையே எடுத்துவிட்டது. ராயல் கரீபியனில் ஃபார்மல் இரவு இருந்தாலும் காலர் சட்டையும் நல்ல பேன்ட்டும் போட்டு வருபவரை யாரும் தடுப்பதில்லை. இந்த வழக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் க்யூனார்ட். குயின் மேரி 2 அவர்களுடைய கப்பல். 1840-இல் அட்லாண்டிக்கைக் கடந்த அவர்களது முதல் பயணிகள் கப்பலின் பெயர் பிரிட்டானியா. நீங்கள் சாப்பிடப் போகும் பெரிய உணவுக்கூடத்துக்கும் அதே பெயர்தான். அங்கே உடுத்தி வருவதைப் பயணத்தின் ஒரு பாதியாகவே நினைத்துப் பலர் வருகிறார்கள்.

ஆனாலும் டக்ஸீடோ வாங்க வேண்டியதில்லை. 'காலா ஈவ்னிங்' என்பது க்யூனார்டின் ஃபார்மல் இரவு. அதற்கு ஆண்களுக்கான விதி: டக்ஸீடோ எனும் கறுப்பு விருந்து சூட் அல்லது டின்னர் ஜாக்கெட், இல்லையென்றால் அடர்நிற சூட்டும் டையும். வண்ணத்துப்பூச்சி போன்ற போ டைதான் கட்ட வேண்டும் என்பதில்லை, நீள டை போதும். இவற்றோடு, முறையான தேசிய உடைக்கும் அனுமதி உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை போன்ற தங்கள் கில்ட் கட்டி வருவதைப் போல நீங்கள் பந்த்கலா (கழுத்துவரை மூடிய காலர் கோட்) அணிந்து போகலாம், பட்டு வேட்டி கட்டியும் போகலாம். உங்கள் மனைவியின் காஞ்சிபுரம் பட்டு, எந்த மேல்நாட்டு கவுனுக்கும் ஒரு படி மேலே. அவருக்குப் புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

வேட்டியை எப்படிக் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். விதியில் 'முறையான' என்று ஒரு சொல் இருக்கிறது. அரைக்கை பருத்திச் சட்டையும் நாலு முழ வேட்டியும் நம் ஊரில் மரியாதையான உடை. அங்கே வாசலில் நிற்பவருக்கு அது சாதாரண உடையாகத் தெரியலாம். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையின் அப்பாவாகப் போவது போல உடுத்துங்கள்: எட்டு முழ பட்டு வேட்டி, முழுக்கைப் பட்டுச் சட்டை, இஸ்திரி போட்ட அங்கவஸ்திரம். சட்டைக்கு மேல் க்ரீம் அல்லது கறுப்பு நிறத்தில் மூடிய காலர் கோட் ஒன்று இருந்தால் கேள்விக்கே இடமில்லை. நாலு முழம் ஒற்றைச் சுற்றுதான். உணவுக்கூடத்தின் விளக்கில் கால் நிழல் தெரியும். எட்டு முழத்தில் அந்தக் கவலை இல்லை, விழுகையும் நன்றாக இருக்கும். உள்ளே பெல்ட் கட்டாயம். கரை தரையைத் தொடாமல், பாதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும். கப்பல் ஆடும்போது படியில் இறங்குகையில் கரையை மிதித்துத்தான் தடுமாறுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டுவது அறைக்குள் மட்டும். காலில் செருப்பு வேண்டாம், விரல் தெரியாத தோல் மொஜடி அல்லது கறுப்பு கட் ஷூ போடுங்கள்.

இரண்டு காலா இரவில் ஒன்றுக்கு வேட்டி, மற்றொன்றுக்கு பந்த்கலா என்பது என் பரிந்துரை. சூட்டை விட பந்த்கலா உங்களுக்குச் சௌகரியம்: டை கட்டத் தெரிய வேண்டாம், சட்டைக் காலரின் அளவு பற்றிய கவலை வேண்டாம். கறுப்பு அல்லது கருநீலத்தில், கம்பளி கலந்த சூட் துணியில் தையுங்கள். லினன் வேண்டாம், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கசங்கியிருக்கும். கிளம்ப ஒரு மாதம் முன்பே தையற்காரரிடம் கொடுத்துவிட்டால், ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும். உட்கார்ந்து பார்த்து அளவு சொல்லுங்கள். நின்றபடி கச்சிதமாக இருக்கும் கோட், நான்கு சுற்று விருந்துக்கு உட்கார்ந்ததும் வயிற்றில் இழுக்கும்.

மகன் வற்புறுத்தி ரெடிமேட் சூட்தான் வாங்கினால், கடையிலிருந்து வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. கோட்டின் பின்புறப் பிளவில் பெருக்கல் குறி போல ஒரு தையல் இருக்கும். பைகளின் வாயும் நூலால் மூடியிருக்கும். கையில் கம்பெனி லேபிள் தைத்திருக்கும். முதல் இரண்டும் கடையில் கோட்டின் வடிவம் கலையாமலிருக்கப் போட்டவை, லேபிள் கம்பெனி பெயர் தெரிவதற்கு. சிறு கத்தரியால் நூலை வெட்டி மூன்றையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போடுங்கள், உட்காரும்போது அதையும் கழற்றிவிடுங்கள். சட்டைக் கை, கோட்டுக் கைக்கு வெளியே ஒரு செ.மீ. தெரிய வேண்டும். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும். புது ஷூவை வீட்டிலேயே ஒரு வாரம் போட்டு நடந்து பழகுங்கள்.

காலா இரவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு 'தீம்', அதாவது அன்றைய உடைக்கான கருப்பொருள், இருக்கும். கறுப்பு-வெள்ளை, முகமூடி, சிவப்பு-தங்கம் போன்றவை வழக்கமாக வருபவை. பயணத்துக்குப் பயணம் இது மாறும் என்பதால், உங்கள் முன்பதிவுக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருப்பொருள்படியே உடுத்த வேண்டும் என்றில்லை, ஆனால் புடவை இருக்கும் வீட்டில் இது சுலபம். கறுப்பு-வெள்ளைக்குக் கேரளக் கசவுப் புடவையும் கறுப்பு ரவிக்கையும். சிவப்பு-தங்கத்துக்கு அரக்குப் பட்டு. எந்த வீட்டு பீரோவிலும் ஒன்று இருக்கும்.

காலா இல்லாத ஐந்து இரவுகளிலும் மாலை 6 மணிக்கு மேல் 'ஸ்மார்ட் அட்டயர்' கேட்பார்கள். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், தோல் ஷூ போதும். டை வேண்டாம், கோட் உங்கள் விருப்பம். கிழிசல் இல்லாத அடர்நிற ஜீன்ஸுக்குத் தடை இல்லை. ஷார்ட்ஸ், பனியன், தொப்பி, ரப்பர் செருப்பு ஆகியவைதான் ஆகாது. இரண்டு பேன்ட், நான்கு சட்டை இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டிவிடலாம். மனைவிக்கு க்ரேப், மைசூர் சில்க், டஸ்ஸர் போல மூன்று புடவை. அல்லது நல்ல சுடிதார். கஞ்சி போட்ட காட்டன் அழகுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் இஸ்திரி கேட்கும். உணவுக்கூடத்தில் ஏசி நன்றாகவே குளிரும், ஒரு சால்வை எப்போதும் கையில் இருக்கட்டும். ஜூன் மாதமானாலும் வட அட்லாண்டிக்கில் திறந்த தளம் குளிரும். கப்பல் 20 'நாட்' (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்துக்கு மேல் ஓடும், அந்த வேகமே பெருங்காற்று. விருந்து முடிந்ததும் பட்டுப் புடவையோடு வெளியே நடக்கப் போகாதீர்கள். முந்தானை நிற்காது, உப்புச் சாரல் ஜரிகையைக் கறுக்க வைக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: காலா உடை என்பது சாப்பாட்டு மேஜைக்கு மட்டுமல்ல, அந்த மாலை முழுவதற்கும். சாப்பிட்டு முடித்து அறைக்குப் போய் சாதாரண உடைக்கு மாறிவிட்டால், அதன்பின் குயின்ஸ் ரூமில் நடக்கும் நடன விருந்துக்குப் போக முடியாது. அப்படி மாறியவர்களுக்கென்று கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச், காசினோ இருக்கின்றன. உடுத்திக்கொள்ள மனமில்லாத இரவில் நீங்களும் கிங்ஸ் கோர்ட் பஃபேயிலேயே சாப்பிடலாம். யாரும் குறையாக நினைப்பதில்லை. அறைக்கே உணவு வரவழைக்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை.

இனி பெட்டி. பட்டுப் புடவையை பிளாஸ்டிக் கவரில் வைக்காமல், பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பந்த்கலாவை மடிக்கும்போது ஒரு தோளை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, மற்றத் தோளை அதற்குள் நுழையுங்கள். வெளிப்புறத் துணி உள்ளே போய்விடும். நெஞ்சுப் பகுதியில் மடிப்பு விழாது. அறைக்குள் போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஹேங்கரில் மாட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியோ ஸ்டீமரோ கொண்டு போகாதீர்கள். தீ விபத்துக்குப் பயந்து அறையில் அவற்றை அனுமதிப்பதில்லை, ஸ்கேனிங்கிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். இந்தக் கப்பலில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ள லாண்டரி அறைகள் இருக்கின்றன, காசு கிடையாது. காலா அன்று மாலை அங்கே கூட்டம் நெரியும் என்பதால், காலையிலேயே முடித்துவிடுங்கள். பட்டின் மேல் மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். ஜரிகையில் இஸ்திரி நேரடியாகப் படக்கூடாது.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். சில நேரம் முதல் இரவுச் சாப்பாட்டு வேளைக்குள் வந்து சேராது. அதனால் கைப்பையில் ஆளுக்கு ஒரு செட் நல்ல உடையும் மருந்துகளும் இருக்க வேண்டும். முதல் இரவு காலா இருக்காது, கவலை வேண்டாம். கடைசி இரவு இதற்குத் தலைகீழ்: பெட்டிகளை மூடி வராந்தாவில் வைத்துவிட வேண்டும், மறுநாள் நியூயார்க் துறைமுகக் கொட்டகையில்தான் திரும்பப் பார்ப்பீர்கள். மறுநாள் காலை போட வேண்டிய உடை, உள்ளாடை, ஷூ, பாஸ்போர்ட் இவற்றை வெளியே எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.