வார்த்தை புரிகிறது, வாக்கியம் புரள்கிறது: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு மறதி நோயா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் பலவீனமாயின. இப்போது நடக்கிறார், துண்டு துண்டாகப் பேசுகிறார். நாங்கள் பேசுவது புரிகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 'அண்ணனைத் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான்' என்றால், அண்ணன்தான் கூட்டிப் போனதாக எடுத்துக்கொள்கிறார். 'சாப்பிடுறதுக்கு முன்னாடி மாத்திரை போடுங்க' என்றால் சாப்பிட்டுவிட்டுப் போடுகிறார். காதில் குறையில்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். இது மறதி நோயின் தொடக்கமா? ஞாபக சக்திக்கு மாத்திரை தரலாமா?
– வாசகர், திண்டுக்கல்

மருத்துவர் பதில்: அப்பா தவறாக எடுத்துக்கொண்ட இரண்டு வாக்கியங்களையும் திரும்பப் பாருங்கள். அண்ணன், தம்பி, ஆஸ்பத்திரி, சாப்பாடு, மாத்திரை என்று எதையும் அவர் தவறவிடவில்லை. நழுவியவை 'ஐ' என்ற வேற்றுமை உருபும் 'முன்னாடி' என்ற சொல்லும்தான். மறதி நோய் பெரும்பாலும் இப்படித் தொடங்காது. காலையில் நடந்ததை மறப்பது, கேட்டதையே கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது ஆகியவைதான் அதன் வழக்கமான அடையாளங்கள். வலது கை, கால் பலவீனம் என்றால் அடிபட்டது மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்கு மொழி இருப்பதும் அங்கேதான். நீங்கள் விவரிப்பது அஃபேசியா எனப்படும் மொழிக் குறைபாட்டின் ஒரு முகம்.

வீட்டில் இது எளிதில் பிடிபடாது. 'மீனைப் பூனை தின்னுடுச்சு' என்பதில் உருபைக் கவனிக்காவிட்டாலும் மீன் பூனையைத் தின்னாது என்ற உலக அறிவு கைகொடுத்துவிடும். இருவரில் யார் செய்தாலும் பொருந்துகிற வாக்கியம் வந்தால்தான் குட்டு உடையும். 1976-ல் கரமாசா, சூரிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். 'பையன் தின்கிற ஆப்பிள் சிவப்பு' என்ற வகை வாக்கியத்தை நன்றாகப் புரிந்துகொண்ட புரோக்கா அஃபேசியா (புரிதல் பெரும்பாலும் இருக்க, பேச்சு துண்டு துண்டாக வரும் வகை) நோயாளிகள், 'புலி துரத்துகிற சிங்கம் குண்டு' என்ற வகையில் குருட்டாம்போக்கில் பதில் சொன்னார்கள். (மூளையின் இடது முன்பக்கத்தில் உள்ள புரோக்கா பகுதிதான் இலக்கணத்தின் இருப்பிடம் என்று இதை வைத்து முடிவுகட்டியது அவசரம். காதுக்கு மேலே உள்ள டெம்பொரல் மடலின் பின்பகுதி அடிபட்டாலும் இதே சிக்கல் வரும்.)

தமிழில் இன்னொரு நெருக்கடி உண்டு. பேச்சில் 'அண்ணனை' என்பது 'அண்ணன' ஆகிவிடும். 'அண்ணன்' என்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரு குறுகிய அகரம் மட்டுமே. 'மாமா பாத்த டாக்டர்', 'மாமாவப் பாத்த டாக்டர்' இரண்டிலும் பார்த்தவரே மாறிவிடுகிறார். வினைச்சொல் கடைசியில் வருவதால் அதுவரை இரண்டு ஆட்களையும் மனத்தில் தாங்கியிருக்க வேண்டும். 'தம்பியை அக்கா கூட்டிட்டுப் போனா' என்றால் வினையின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அண்ணன், தம்பி இருவருக்குமே 'போனான்'தான், விகுதியால் பயனில்லை. ஒரே மாதிரியான இரண்டு பெயர்கள் நினைவில் ஒன்றோடொன்று மோதுவது நல்ல மூளையிலும் நடப்பதே. அடிபட்ட மூளையில் மோதல் கூடுதல்.

அப்படியானால் நினைவுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு நினைவு. போன் எண்ணைச் சில விநாடி தாங்கும் குறுகிய கால நினைவு பக்கவாதத்துக்குப் பிறகு சுருங்கலாம். அது மட்டும் சுருங்கினால் பேச்சு புரியாமல் போய்விடாது. 1969-ல் வாரிங்டன், ஷாலிஸ் என்ற ஆய்வாளர்கள் விவரித்த ஒரு நோயாளியால் ஒன்றிரண்டு இலக்கங்களுக்கு மேல் திருப்பிச் சொல்ல முடியவில்லை, அன்றாடப் பேச்சோ ஓரளவு நன்றாகவே புரிந்தது. நாம் எல்லோருமே கேட்ட சொல்வரிசையைச் சீக்கிரம் விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். உங்கள் அப்பாவுக்கு அர்த்தம் உருவாகும் இடத்திலேயே தடுமாற்றம். அதை எந்த 'ஞாபக சக்தி' மாத்திரையும் சரிசெய்யாது. வாங்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டம்ளர், கரண்டி இரண்டையும் அவர் முன்னால் நேர் நடுவில் வையுங்கள். இடது மூளை பக்கவாதத்தில் சிலருக்கு வலது பக்கப் பார்வை போயிருக்கும், ஓரத்தில் வைத்தால் சோதனை கெட்டுவிடும். முதலில் 'டம்ளர் எது?' 'கரண்டி எது?' என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு 'கரண்டியால் டம்ளரைத் தொடுங்க', 'டம்ளரால் கரண்டியைத் தொடுங்க', 'டம்ளரைக் கரண்டியால் தொடுங்க' என்று வரிசையைக் கலந்து 10 முறை. கையால் ஜாடை காட்டக்கூடாது, எந்தப் பொருளையும் பார்க்கவும் கூடாது. இருப்பது இரண்டே வழி என்பதால் 10-க்கு 5 சரி என்பது குருட்டாம்போக்குக்குச் சமம். குருட்டாம்போக்கில் 9 அல்லது 10 கிடைக்க வாய்ப்பு சுமார் 1 சதவீதமே. ஆகவே 9-க்குக் குறைந்தால் சந்தேகத்தை நீடிக்க விடுங்கள். விடைகளைத் தாளில் குறித்து வையுங்கள், தவறின் வகை மருத்துவருக்கு மதிப்பெண்ணைவிட உதவும். எப்போதும் முதலில் கேட்ட பொருளையே கையில் எடுக்கிறார் என்றால், உருபை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துத் தொங்குகிறார்.

பேசும் விதத்தை இன்றே மாற்றலாம். செய்தவரை முதலில் சொல்லுங்கள்: 'தம்பி கூட்டிட்டுப் போனான். அண்ணனை.' ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், பிறகு இரண்டு விநாடி இடைவெளி. 'சாப்பிடுறதுக்கு முன்னாடி மாத்திரை' என்பதில் பிறகு நடக்கவேண்டியது காதில் முதலில் விழுகிறது. அவர் விழுந்த வரிசையிலேயே செய்கிறார். 'முதல்ல மாத்திரை. அப்புறம் சாப்பாடு' என்று நடக்கும் வரிசையில் சொன்னால் இந்தக் குழப்பமே எழாது. சத்தமாகப் பேசுவது உதவாது. 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார். 'யாரு கூட்டிட்டுப் போனா?' என்று கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள், போனில் மருந்து விஷயம் வேண்டாம். மாத்திரைப் பொறுப்பை இப்போதைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் தந்த மருந்துகள் வரிசை தவறினால்கூடப் பரவாயில்லை என்று விடத்தக்கவை அல்ல.

நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. 2017-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், 70 வயது வரையுள்ள, ஆறு மாதம் கடந்த அஃபேசியா நோயாளிகளுக்கு வாரம் குறைந்தது 10 மணி நேரம் வீதம் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி தந்ததில் அன்றாட உரையாடல் மேம்பட்டது. வாரத்துக்கு அரை மணி நேரப் பயிற்சியை வைத்துக்கொண்டு 'பலன் இல்லை' என்று முடிவுகட்டக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு வழியாகப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். உருபு மாறும் வாக்கியங்களில் தடுமாறுகிறார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் நினைவாற்றலும் குறையலாம் என்பதால், மொழி தேவைப்படாத படச் சோதனைகளால் அதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாதது. புரிதல் திடீரென ஒரே நாளில் மோசமானாலோ, வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைத்தான் மருத்துவமனையில் முதலில் கேட்பார்கள்.