தலைவர் இல்லாத படகுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஃப்ளோரிடாவில் வேலை பார்க்கிறேன். மே மாதத் தொடக்கத்தில் அலுவலக நண்பர் ஒருவர் சீடர் கீ என்ற சிற்றூருக்கு அழைத்துப்போனார். காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் சின்னச் சின்னப் பாய்மரப் படகுகளை இழுத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். பல படகுகள் அவர்களே வீட்டில் செய்தவை. பதிவு இல்லை, கட்டணம் இல்லை, போட்டி இல்லை, பரிசும் இல்லை. எதிரே இருக்கும் அட்சீனா ஓட்டி தீவுவரை ஓட்டிப்போய் மணலில் இழுத்துப்போட்டுவிட்டு, ஒருவர் படகை இன்னொருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னையும் ஒருவர் ஏற்றிக்கொண்டார்.

இவ்வளவு நீளமான கடற்கரை உள்ள நம் ஊரில் இப்படி ஏன் ஒன்றுகூட இல்லை? நமக்குக் கடலை ரசிக்கத் தெரியாதா? அடுத்த வருடம் சென்னை திரும்புகிறேன். பழவேற்காட்டில் இதுபோல வருடாந்திரச் சந்திப்பு தொடங்க ஆசை. சங்கமாகப் பதிவுசெய்ய விதிமுறை வரைவு ஒன்றை இணைத்திருக்கிறேன். நீங்கள் கௌரவ ஆலோசகராக இருக்க வேண்டும். யாரிடம் அனுமதி வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தின் முதல் பத்தியை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது பத்திக்கு வந்ததும் நீங்கள் நம்ம ஊர்க்காரர்தான் என்பது உறுதியாகிவிட்டது.

நம்மால் நாலு பேர் சும்மா கூட முடிவதில்லையே, ஏன் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பகுதியில் காலையில் சேர்ந்து நடந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் போன தை மாதம் சங்கமானார்கள். ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. ஆண்டுவிழா வந்தது, பொன்னாடை வந்தது. வைகாசிக்குள் செயலாளருக்கும் பொருளாளருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், இப்போது ஒருவர் பூங்காவை வலமாகவும் மற்றவர் இடமாகவும் சுற்றுகிறார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எதிர்ப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதிவு இல்லை, கட்டணம் இல்லை, பரிசு இல்லை என்று நீங்களே ஆசையாக எழுதுகிறீர்கள். அடுத்த மூச்சில் சங்கம் பதிகிறீர்கள். உங்கள் வரைவைத் திறந்து பார்த்தேன். தலைவர், இரண்டு துணைத்தலைவர், சிறந்த படகுக்குச் சுழற்கோப்பை. அந்தத் தீவின் மணலில் ஒரு துணைத்தலைவரையாவது பார்த்தீர்களா? டெக்சாஸ் கரையோரமாக 2008 முதல் இருநூறு மைல் அளவுக்குச் சின்னப் படகுகளில் ஓட்டிப் போகிறார்கள். டெக்சாஸ் 200 என்று பெயர், ஜூன் மாத வெயிலில் ஐந்து நாள். அதுவும் போட்டியில்லை. உன் படகு, உன் உயிர், உன் பொறுப்பு. மிஞ்சிப்போனால் அதுதான் விதி. எவனும் உன்னைக் கரைசேர்க்கப் பொறுப்பேற்கவில்லை என்று தெரிந்தால் நீயே பாயைச் சரிபார்ப்பாய், பக்கத்துப் படகையும் ஒரு கண் பார்த்துக்கொள்வாய். தலைவர் என்று ஒருவரை உட்காரவைத்துவிட்டால் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று கயிற்றைப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் மிதித்துவிட்டு வந்த தீவைப் பற்றி யாராவது சொன்னார்களா? பழைய ஊர் அங்கேதான் இருந்தது. பென்சிலுக்கான சீடர் மரத்தை அறுக்கும் எபர்ஹார்ட் ஃபேபரின் ஆலையும் அங்கே இருந்தது. 1896 புயல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. மிச்சம் ஒரு கல்லறைத் தோட்டம். இப்போதைய சீடர் கீ மீன்பிடித்துப் பிழைத்த ஊர். 1995ல் ஃப்ளோரிடா மாநிலம் கரையோரத்தில் பெரிய வலைகளைத் தடைசெய்தபோது அந்த ஊர்க்காரர்கள் மட்டி வளர்க்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு பிழைப்பை மாற்றிக்கொண்டார்கள். உங்களிடம் ஒரு கேள்வி: அன்றைக்குப் பாய் கட்டி வந்தவர்களில் மட்டி அள்ளுகிற உள்ளூர்க்காரர் எத்தனை பேர்? நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பொழுதுபோக்குப் படகும் பிழைப்புப் படகும் ஒரே தண்ணீரில்தான் மிதக்கின்றன. உங்கள் பழவேற்காட்டுத் திட்டத்தில் நான் தேடியது இந்த நினைப்பைத்தான். காணவில்லை.

‘நமக்குக் கடலை ரசிக்கத் தெரியாதா?’ நமக்கு என்றால் யாருக்கு? உங்களுக்கும் உங்கள் அடுக்ககத்துக்குமா?

என் அத்தை வாழ்க்கைப்பட்டது தொண்டிக்குப் பக்கத்தில். அந்தக் கரையில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப்போட்டி வைப்பார்கள். இன்றைக்கும் வைக்கிறார்கள், செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். சிறுவனாக நான் பார்த்த போட்டியில் போட்டி எனக்குச் சரியாக நினைவில்லை. வெடி போட்டார்கள், பாய்கள் சின்னதாகிப் போய்ப் பெரிதாகித் திரும்பின, மைக் செட்டில் யாரோ கத்தினார்கள், பரிசுப் பணத்துக்குத் தகராறு நடந்தது. அதெல்லாம் முடிந்து மேடைக்காரர்கள் சாப்பிடப் போன பிறகுதான் எனக்கு எல்லாமே தெளிவாக நினைவிருக்கிறது. தோற்ற படகின் ஆள் ஒருவர் ஜெயித்த படகில் ஏறினார். பாயின் ஓரத்தையலை விரலால் நீவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, “இங்க மூணு விரக்கடை கூட விட்டிருக்க, ஆமாவா?” என்றார். ஜெயித்தவர் பதில் சொல்லாமல் சிரித்தார். உடனே நாலைந்து தலைகள் அந்தத் தையல்மேல் குனிந்தன.

பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு சும்மா ஓட்டினார்கள். அந்த வள்ளங்களில் குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டிருக்கும். அதன் முனை காற்றடிக்கும் பக்கமாகத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஏற ஏற ஆட்கள் பலகையில் வெளியே வெளியே நகர்வார்கள், தணிந்தால் உள்ளே வருவார்கள். படகு கவிழாமல் இருக்க ஆள் உடம்புதான் எடைக்கல். மதராஸ் மாகாணத்தில் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது இந்தப் பலகையையும் எழுதிவைத்திருக்கிறார். நான் அத்தை வீட்டு மாமாவின் இடுப்புத்துண்டைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தேன். காலுக்கடியில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் இன்னொரு வள்ளம் வந்தது, இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தையில் அன்பாகத் திட்டிக்கொண்டார்கள், விலகிப் போனார்கள். யாருக்கும் எங்கேயும் போய்ச்சேர வேண்டியிருக்கவில்லை. நீங்கள் கடல் தாண்டிப் போய்க் கண்டது இதைத்தான் ஆர். அதை யாரும் படமெடுக்கவில்லை. மைக்கை அணைத்த பிறகு நடந்ததால் நோட்டீஸிலும் வரவில்லை.

சென்னையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. துறைமுகத்துக்குள் 1911லிருந்து ஒரு யாட் கிளப் இருக்கிறது. சென்னையில் பாய் பிடிக்கப் பழகிய நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் கேட்டது அந்தப் போட்டி வழி இல்லை, விடுங்கள்.

பழவேற்காட்டைச் சொல்லும்போது கோபம் வருகிறது, அடக்கிக்கொண்டே எழுதுகிறேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் கவிழ்ந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாச் சவாரிக்குத் தடை. ஏரி பறவைகள் சரணாலயம் வேறு. அனுமதி யாரிடம் என்று கேட்கிறீர்கள், அலுவலகத்தைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள். அங்குள்ள மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலையிடலாம் என்பது முறைவைத்து வரும். உங்கள் வருடாந்திரச் சந்திப்பு யாருடைய முறைநாளில், யாருடைய வலைமேல் நடக்கப்போகிறது? அதைப் போய் அவர்களிடம் கேட்டீர்களா? கேட்காமலே விதிமுறையில் பதினான்கு பிரிவு!

சங்கத்தை விடுங்கள், ஒரு படகு செய்யுங்கள். நீங்கள் இருக்கும் அதே ஃப்ளோரிடாவில் க்ளியர்வாட்டர் என்ற ஊரில் 1947ல் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்காக ஒரு படகு வரைந்தார். எட்டடி ப்ளைவுட் இரண்டு பலகையில் முடிந்துவிட வேண்டும் என்று கணக்கு, அதனால்தான் அது எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆப்டிமிஸ்ட் என்று இன்றைக்கு உலகமெல்லாம் பிள்ளைகள் ஓட்டுவது அதைத்தான். உங்களுக்கு அது சின்னது. இங்கிலாந்தில் 1962ல் வடிவமைத்த மிரர் படகு ஏறக்குறைய பதினோரு அடி. ப்ளைவுட் ஓரங்களில் துளைபோட்டு, செப்புக்கம்பியால் தைத்து, மேலே கண்ணாடி இழை நாடாவும் பிசினும் ஒட்டுவது. வீட்டு வேலையாகச் செய்யட்டும் என்றே யோசித்த முறை. எழுபதாயிரம் அளவில் செய்திருக்கிறார்கள். தேங்காய்நார்க் கயிற்றால் பலகையைத் தைத்து மசூலாப் படகு ஓட்டிய கரை நம்முடையது. செப்புக்கம்பித் தையலைப் பார்த்து நம் ஆட்கள் மிரள மாட்டார்கள்.

மரைன் ப்ளைவுட்டாக வாங்குங்கள், விலையைப் பார்த்துச் சாதாரணப் பலகைக்கு இறங்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முழங்கால் தண்ணீரில்கூட இறக்கக் கூடாது. பாய்க்கு என் அத்தை பேரனைப் பாருங்கள், அவன் இன்னும் தைக்கிறான். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். காலையில் கூப்பிடாதீர்கள், கடலுக்குப் போயிருப்பான். கௌரவ ஆலோசகர் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், கேட்பதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறது.