மாஸ்ரர் பதில்கள்

கேள்வி: உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். அமெரிக்க அரசியலமைப்பை எதிர்த்தவர்களுக்குச் 'சமஷ்டி எதிர்ப்பாளர்கள்' என்று பெயராம். மத்திக்கு அதிகாரம் கூடிவிட்டது என்று சண்டை பிடித்தவர்கள் எப்படிச் சமஷ்டிக்கு எதிரிகளானார்கள், மாஸ்ரர்?
- மாணவி, கொக்குவில்

பதில்: பிள்ளை, அந்தப் பெயர் எதிராளி வைத்த பெயர். எங்கள் ஊரில் சமஷ்டி என்றால் மத்தியின் பிடியைத் தளர்த்துவது. 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் பெடரல் பார்ட்டி என்றுதான் பெயர். அமெரிக்காவிலோ பலமான மத்திய அரசு கேட்டவர்கள் அந்தச் சொல்லை முந்தி எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் 'எதிர்ப்பாளர்' ஆகிவிட்டார்கள்.

1787இல் மாநிலப் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். மாநிலங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த பழைய உடன்படிக்கையைத் திருத்தப் போனவர்கள் புது யாப்போடு வெளியே வந்தார்கள். "மாநிலங்களாகிய நாம் என்று எழுதாமல் மக்களாகிய நாம் என்று எழுத உங்களுக்கு யார் உரிமை தந்தது?" என்ற கருத்தில் வேர்ஜீனியாவில் எதிர்ப்பாளர் பற்றிக் ஹென்றி மடக்கினார். வரி, நிரந்தரப் படை, மத்திய நீதிமன்றம், உரிமைப் பட்டியல் இல்லாமை என்று இன்னும் பல குறைகள்.

எனக்குப் பிடித்தது, யாப்பில் எதிர்ப்பாளர்கள் பயந்த ஒரு வரி. பட்டியலிட்ட அதிகாரங்களை நடைமுறைப்படுத்தத் 'தேவையான, பொருத்தமான' சட்டங்களையும் மத்திய சட்டசபையான காங்கிரஸ் இயற்றலாம் என்ற வரி. தேவை எது என்று யார் தீர்மானிப்பது? நியூயோர்க் பத்திரிகையில் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் எழுதியவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பயம் எனக்கு விளங்கும். நான் அங்கத்தவராக இருந்த ஒரு சனசமூக நிலையத்தின் யாப்பில், கடைசியில், 'நிலையத்தின் நலனுக்குத் தேவையான ஏனைய கருமங்கள்' என்று ஒரு வரி இருந்தது. கை தூக்கி நிறைவேற்றியவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் பேப்பர் பார்க்கப் போனால் வாசல் வேம்பைக் காணவில்லை. அடிக்கட்டை ஈரமாகக் கிடக்கிறது, வாங்கு வெயிலில் கிடக்கிறது. சைக்கிள் கொட்டில் போடப் போகிறார்களாம். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்றேன். செயலாளர் யாப்பைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். யாப்பை ஏற்பதா என்று மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்தார்கள். எதிர்த்தவர்கள் தோற்றார்கள், ஆனால் சில இடங்களில் மயிரிழையில். மசாசூசெட்ஸில் 187க்கு 168, நியூயோர்க்கில் 30க்கு 27. திருத்தம் செய்வோம் என்று சமாதானம் சொல்லித்தான் பல இடங்களில் வாக்கு வாங்க முடிந்தது. 1791இல் வந்த பத்துத் திருத்தங்கள் அந்தக் கடனைத் தீர்த்தவை. மத்திக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது பத்தாவது திருத்தம்.

(பரீட்சையில் எழுதவேண்டாம்: 1971இல் கொழும்பில் அரசியல் நிர்ணய சபையில், 'ஒற்றையாட்சி' என்பதற்குப் பதிலாகச் சமஷ்டி என்று திருத்தக் கேட்டார் உடுவில் எம்.பி. தர்மலிங்கம். தோற்கடித்தார்கள். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவும் 1972 யாப்பில் இல்லாமற் போனது.)

கேள்வி: அமெரிக்க அரசியலமைப்பை ஏற்காமல் கடைசிவரை முரண்டு பிடித்த மாநிலம் எது?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: ரோட் ஐலண்ட். பிலடெல்பியாவுக்கு ஆளே அனுப்பவில்லை. வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருடம் கழிந்த பிறகு, 1790 மே மாதம், 34க்கு 32 என்று ஒருவாறு சம்மதித்தார்கள்.