வால்பாறையை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

பொள்ளாச்சியிலிருந்து காலையில் காரில் கிளம்பி ஆழியாறு, குரங்கு அருவி, சோலையாறு அணை, நல்லமுடி வியூ பாயிண்ட் எல்லாம் பார்த்துவிட்டு இரவுக்குள் இறங்கிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியில் குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முடியும். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். எனக்கு அங்கே காட்டேஜும் இல்லை, கடையும் இல்லை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவே 64 கிலோமீட்டர்தான். அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அவசரமாக ஏறினால் பாதிப் பேருக்கு வாந்தி, மீதிப் பேருக்குத் தூக்கம். வெளியே பார்க்க யார் இருப்பார்கள்?

விடிந்த கையோடு ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் நின்றால் அணை முழுவதும் காலடியில் தெரியும். காலை நேரத்தில் அந்தப் பாறைகளில் வரையாடு நிற்பதைப் பார்க்கலாம். சத்தம் போடாமல் இருந்தால் அதுவும் அசையாமல் நின்று உங்களைப் பார்க்கும்.

சென்ற மே மாதம் சித்தப்பா மகன் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. நான்தான் வழிகாட்டி. புதுத்தோட்டம் பக்கம் வரும்போது சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. இவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அடிபட்டுச் சாகாமல் இருக்க, பழைய தீயணைப்புக் குழாய்களை இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தாய்க்குரங்கு ஒன்று, குட்டி வயிற்றைக் கவ்விக்கொண்டிருக்க, அந்தக் குழாய் மேல் பாதி தூரம் வந்துவிட்டது. அப்போது எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை ரோட்டில் வீசினார். குரங்கு திரும்பிப் போய் மரத்தைப் பிடித்துச் சரசரவென்று தார்ரோட்டில் இறங்கியது. வளைவில் பஸ். டிரைவர் அடித்த பிரேக்கில் உள்ளே நின்றவர்கள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள். குரங்கு தப்பியது. நான் இறங்கிப் போய்க் கேட்டதற்கு, "பாவம், பசிக்குமே சார்" என்றார் அந்த மனிதர். அத்தனை பலா மரம் இருக்கும் காட்டில்!

கெட்ட எண்ணத்தில் போட்டார் என்று சொல்லவில்லை. டூரிஸ்டை நம்பி எத்தனையோ கடைகள் பிழைக்கின்றன, அதுவும் எனக்குத் தெரியும். யாரையும் வராதே என்று சொல்பவன் நான் இல்லை. தின்பண்டம் போடாதீர்கள், வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள், அவ்வளவுதான். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அக்கம்பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். செல்ஃபிக்கு இறங்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேயிலைக்கு நடுவே வரிசையாகத் தெரியும் லைன் வீடுகளை, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். அம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தார், அப்பா மருந்தடித்தார். ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது நிர்வாகம். பிறந்த ஊரில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு செண்ட் நிலம் கிடையாது. இப்போது நானும் ரூம் போட்டுத்தான் தங்குகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். இருக்கட்டும்.

சரி, மற்ற இடங்கள். நல்லமுடிக்குக் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும். சோலையாறு அணையின் முழு நீர்மட்டம் 160 அடி. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும்போதுதான் அதன் முழு அழகும் தெரியும், ஆனால் அப்போது மழையும் விடாது. கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்கலாம். அறிமுகமில்லாத ஆழத்தில் மட்டும் இறங்க வேண்டாம், சோலையாற்றுப் பக்கம் உயிர்கள் போயிருக்கின்றன. சின்னக்கல்லாறு அருவியை அடிக்கடி மூடிவிடுவார்கள், அதனால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் காட்டுப் பாதை, இருட்டிய பிறகு செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். வால்பாறையிலேயே டீசல் போட்டு, சாப்பாடும் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.