மொனோபொலியும் 100 ஸ்பின்னும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன்,

காணி வாங்கி வாடகை எடுக்கிற மொனோபொலி, நிலவுடைமைக்கு எதிராகப் பிறந்த பலகை விளையாட்டு என்று போன கட்டுரையில் எழுதினீங்க. சோசலிசம் பேசுற ஆள் என்பதால அப்படிச் சொல்றீங்களோ தெரியாது. ஊரையே வாங்கிப் போட்டு மற்றவனை நடுத்தெருவில விடுறதுதானே அதில வெற்றி? அதோட எங்கட வீட்டில மூன்று மணித்தியாலம் போனாலும் ஆட்டம் முடியாது. இன்னொன்று: ஃபோன் கேமில 1 வீதம் வாய்ப்பு என்று போட்டிருக்கிற ஸ்கின் (கேம் ஆளுக்குப் போடுற உடுப்பு), காசு கட்டி 100 ஸ்பின் சுத்தினால் கட்டாயம் விழும் என்கிறான் எங்கட தம்பி. சரியா?

களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904 இல் காப்புரிமை எடுத்த விளையாட்டின் பெயரே 'நிலப்பிரபுவின் விளையாட்டு'. மொனோபொலி அதிலிருந்துதான் வந்தது. அவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜோர்ஜின் ஆதரவாளர். நிலத்தின் மதிப்பு ஊரால் கூடுகிறது, ஆகவே நில வாடகை ஊருக்கே வரியாகச் சேரவேண்டும் என்பது ஜோர்ஜின் வாதம். பலகைக்கு இரண்டு வகை விதிகள் இருந்தன. ஒன்றில் வாடகை நிலக்காரருக்கு, மற்றதில் பொதுப் பணப்பெட்டிக்கு. 1935 இல் மொனோபொலியை விற்ற பார்க்கர் பிரதர்ஸ் கம்பனி அவருடைய காப்புரிமையை 500 டொலருக்கு வாங்கியது. உலகம் முழுக்க விற்றது முதல் வகை மட்டுந்தான்.

வயல் சொந்தக்காரரான போடியாரையும் அவருக்கு வயல் செய்கிற முல்லைக்காரரையும் தெரிந்த ஊருக்கு இதில் விளக்கவுரை வேண்டியதில்லை. இலங்கையின் விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன 1958 இல் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியை வயலைவிட்டு எழுப்பாமல் காக்கப் பார்த்தது. காணி உறுதி போடியார் பெயரிலேயே இருந்தது. மேகியின் இரண்டாம் விதியும் அந்த வகைதான்: உறுதியில் கைவைக்காது, வாடகை போகிற வழியை மாற்றும்.

உங்கள் வீட்டு ஆட்டம் முடியாததற்குக் காரணம் அநேகமாக இரண்டு. ஒருவர் வாங்க விரும்பாத காணியை வங்கி உடனே ஏலம் போடவேண்டும் என்பது விதி. இதை விட்டுவிட்டால் காணிகள் கைமாறாமல் கிடக்கும், ஒரே நிறக் காணிகள் ஒருவரிடம் முழுதாகச் சேராது, அவை சேராமல் வீடு கட்டவும் ஏலாது. மற்றது, வரிக் காசையும் தண்டக் காசையும் நடுவில் குவித்து 'இலவச நிறுத்தம்' (Free Parking) கட்டத்தில் நிற்பவருக்குக் கொடுக்கும் பழக்கம். விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்றில்லை. சாகப்போகிறவனுக்கு அது சேலைன் ஏற்றுகிற வேலை.

வழக்கமான மொனோபொலி விதியில் வெல்லவேண்டுமென்றால் செம்மஞ்சள் காணிகளைப் பிடியுங்கள். எல்லாரும் அடிக்கடி போய் நிற்கிற சிறைக் கட்டத்திலிருந்து 6, 8, 9 கட்டம் தள்ளி அவை இருக்கின்றன. இரண்டு தாயக்கட்டையில் இந்த எண்கள் விழும் வாய்ப்பு 36 இல் 14. முதல் செம்மஞ்சள் காணியில் இரண்டு வீட்டுக்கு வாடகை 200, மூன்றுக்கு 550, நான்குக்கு 750. ஆகவே மூன்றாவது வீடுவரை விடாமல் கட்டவேண்டும். மறுகா ஒரு கெட்ட வேலை இருக்கிறது. பெட்டியில் மொத்தமே 32 வீடு. எட்டுக் காணியில் நான்கு நான்காகக் கட்டிவிட்டு ஹோட்டலுக்குப் போகாமல் நின்றால் வேறு ஒருவருக்கும் வீடு கிடையாது, ஏனென்றால் ஹோட்டல் கட்டினால்தான் அந்த நான்கு வீடும் வங்கிக்குத் திரும்பும். காசு கையில் இருந்தும் கட்ட ஏலாமல் மற்றவர்கள் முழிப்பார்கள். ஏகபோகம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர ஏலாது.

இரண்டாம் வகையை அதே பலகையில் ஆடிப் பார்க்கலாம். நடுவில் ஒரு பால்மா டின் வையுங்கள். வெறுங்காணி வாடகை முழுக்க டின்னுக்கு, வீடுள்ள காணியில் பாதி டின்னுக்கு, பாதி கட்டியவருக்கு. ஐந்து சுற்றுக்கு ஒருதரம் டின்னைச் சமமாகப் பிரியுங்கள். இவ்வளவோடு விட்டால் ஒருவரும் காணி வாங்கமாட்டார். வெறுங்காணியில் வருமானமில்லை, நிறம் முழுதாகச் சேரும்வரை வீடும் கட்ட ஏலாது. அதனால் ஒரு காணி இருந்தாலே கட்டலாம் என்று மாற்றவேண்டும். வாங்கிப் போட்டு விலை ஏறப் பார்த்திருக்கிற ஆசை அத்தோடு போய்விடும். ஜோர்ஜ் எதிர்பார்த்ததும் அதுதான். முடிவுக்கு மேகியின் விதியையே வையுங்கள்: மிகக் குறைந்த பணத்தோடு தொடங்கியவரின் பணம் இரட்டிப்பானால் ஆட்டம் முடிந்தது. அதற்காக ஒருவருக்கு 800, மற்றவர்களுக்கு 1500 என்று தொடங்குங்கள். குறையும் உண்டு. சண்டை இல்லாததால் சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

சோசலிஸ்டுக் கண்ணாடி என்று குத்துகிறீர்கள், பரவாயில்லை. விழுகிற கட்டைகளை அடுக்கும் கணினி விளையாட்டான டெட்ரிஸ் 1984 இல் மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பிறந்தது. செய்தவர் அலெக்சி பஜித்னோவ். அதன் உரிமையை அரசு நிறுவனம் வெளிநாடுகளுக்கு விற்றுக்கொண்டிருக்க, 1996 இல்தான் உரிமை அவர் கைக்கு வந்தது. மேகிக்கு ஒரு கம்பனி செய்ததை இவருக்கு ஓர் அரசு செய்தது. அதையும் அதே கண்ணாடியால்தான் பார்க்கிறேன்.

கடைசியாக ஸ்பின். உங்கள் தம்பி சொல்வது பிழை. ஒவ்வொரு சுற்றும் புதிது, போன சுற்று அதற்கு ஞாபகமிருக்காது. விழாமல் போகிற வாய்ப்பு ஒரு சுற்றில் 0.99. நூறு சுற்றிலும் விழாமல் போவது 0.99 ஐ நூறு தரம் பெருக்கினால் வரும் 0.366. அதாவது 100 ஸ்பின் சுத்துகிற மூன்று பேரில் ஒருவருக்கு மேல் வெறுங்கை. பாதிக்குப் பாதி வாய்ப்புக்கே 69 ஸ்பின், 90 வீதத்துக்கு 230. சில கேம்களில் இத்தனையாவது சுற்றில் கட்டாயம் கிடைக்கும் என்று எண்ணிக்கை வைத்திருப்பார்கள். அது எழுத்தில் இருக்கிறதா என்று விதிப் பக்கத்தில் பாருங்கள், இல்லையென்றால் இல்லை. பெல்ஜியம் 2018 இல் காசு கட்டி அதிர்ஷ்டம் பார்க்கிற இந்த மாதிரிப் பெட்டிகளை (loot box) சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. உங்கள் தம்பி நம்பாவிட்டால் ஃபோன் கல்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பி 0.99, அடுக்குக் குறி (xʸ), 100 என்று அவரையே அமுக்கச் சொல்லுங்கள். ஸ்பின் சுத்த கேம் டயமண்ட் வாங்குவதற்கு ரீலோட் போடுமுன்.

அன்புடன்,
அண்ணன்