பாகிஸ்தானில் ஆட்சிக்கவிழ்ப்பு என்றாலே 111-வது பிரிகேட் என்ற ராணுவப் படைப்பிரிவின் பெயர் அடிபடுவது ஏன்?

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, இருப்பிடம்தான் காரணம். இந்தப் படை ராவல்பிண்டியில் இருக்கிறது. தலைநகர் இஸ்லாமாபாத் கூப்பிடு தூரம். அதிபர், பிரதமர் தொடர்பான சம்பிரதாயக் கடமைகளும் காவலும் இதன் பொறுப்பு. வாசலில் சல்யூட் அடிப்பவருக்கு வீட்டின் வழி தெரியாதா என்ன!

1977 ஜூலையில் ராணுவத் தளபதி ஜியா உல் ஹக், பிரதமர் சுல்ஃபிகர் அலி பூட்டோவைக் கவிழ்த்தபோதும் இதே படைதான். 1999 அக்டோபர் 12 அன்று, கொழும்பிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த ராணுவத் தளபதி முஷாரஃபைப் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் பதவிநீக்கினார். சில மணி நேரத்தில் இந்தப் படையின் வீரர்கள் அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் இரும்புக் கதவில் ஏறிக் குதித்தார்கள். பிரதமர் இல்லமும் அவர்கள் வசமானது. ஆனால் பிரிகேட் தானாகக் கிளம்பியதில்லை. உத்தரவு மேலிருந்தே, இந்த பிரிகேட் அடங்கிய பெரிய படை அமைப்பான பத்தாவது கோர் வழியாக வந்தது.